ஒட்டுப் போர்வை



தீபாவளிக்கு முந்திய ஒன்றிரண்டு மாதங்களில் சுங்கைப் பட்டாணியின் தையற்கடைகளுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். தைப்பவரின் காலடியில் கணுக்கால் உயரத்திற்குத் துணித்துண்டுகள் குவிந்து கிடக்கும். இரவிக்கையின் கழுத்துப் பகுதியை வெட்டிய பிறைகள், கை வெட்டியதில் கழிந்த முக்கோணங்கள், பஞ்சாபி உடையின் ஓரத்திலிருந்து உரித்த நாடாக்கள் என எத்தனையோ வண்ணங்கள். கடை மூடும் நேரத்தில் அவை கறுப்புக் குப்பைப் பைகளில் அடைபட்டு நடைபாதைக்கு வந்துவிடும். மறுநாள் காலை குப்பை லாரி அள்ளிச் சென்றுவிடும்.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன், எனக்கு இரவிக்கை தைத்துத் தரும் அம்மையாரிடம் அந்தப் பைகளுள் இரண்டை எனக்குத் தருமாறு கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குப்பைய வச்சு என்ன டீச்சர் செய்யப் போறீங்க?" என்றார். பள்ளியில் புதன்கிழமைதோறும் புறப்பாட நடவடிக்கை உண்டு. என் பொறுப்பிலுள்ள கைவினைக் கழகத்தில் பதினான்கு மாணவர்கள். அவர்களைக் கொண்டு போர்வை தைத்து முதியோர் இல்லமொன்றுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க எண்ணியிருக்கிறேன் என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. மறுசுழற்சி, நன்கொடை, கைத்திறன் என்று ஒரே நடவடிக்கையில் மூன்று நோக்கங்கள் நிறைவேறும்! அறிக்கையில் எழுதுவதற்கும் அழகாக இருக்கும். (ஆசிரியர்களுக்கு இந்த நோய் உண்டு. எதைச் செய்தாலும் மனத்துக்குள் அறிக்கை ஒன்று தானாக எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.)

வீட்டுக்கு வந்து பைகளைக் கூடத்தில் கொட்டினேன். என் தாயார் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அமர்ந்தார். எழுபதைத் தாண்டிய முழங்கால்கள் அவருக்கு. நான் கேட்காமலே துண்டுகளைத் தடவிப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார். சிறிது நேரம் கழித்து, யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் கை நின்றது.

"குடுத்தா வாங்கிக்குவாங்க பாப்பா. ஆனா போத்திக்க மாட்டாங்க."

நாற்பதைக் கடந்த என்னை அவர் இன்னும் பாப்பா என்றுதான் அழைக்கிறார். அன்று அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துக் காலத்துக் கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன்.

தோட்டத்துக் காலத்தைப் பற்றி இங்கே சற்று எழுத வேண்டும். நான் பிறந்தது பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெளிக்காட்டுக்குச் செல்வார். பால் எடுத்த பிறகும் மங்கில் கசிந்து உறைந்துவிடும் பாலையும், வெட்டுக் கோட்டில் நாடாவாகக் காய்ந்து ஒட்டியிருப்பதையும் மறுநாள் உரித்தெடுத்து இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். நாற்றம் அடிக்கும், ஆனால் அதையும் நிறுத்துக் காசு கொடுப்பார்கள். அந்தப் பையை அம்மா பழைய கால்சட்டைத் துணியிலும் மாவுச்சாக்கிலும் தாமே தைத்து வைத்திருந்தார்.

அதே ஊசியால்தான் எங்கள் போர்வைகளும் உருவாயின. எங்கள் லயத்தில் பெரும்பாலான வீடுகளில் இப்படிப்பட்ட போர்வை ஒன்று இருக்கும். அதற்கென்று தனிப் பெயர் கிடையாது. அம்மா ஒட்டுப் போர்வை என்பார். பக்கத்து வீட்டு அத்தை கந்தைப் போர்வை என்பார். நடுவில் ஒரு பழைய கம்பளி அல்லது நைந்த படுக்கை விரிப்பு இருக்கும். அதன் இரு பக்கமும் அப்பாவின் கைலித் துண்டுகள், அம்மாவின் காட்டுச் சட்டை, பட்டணத்துத் தையற்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணி ஆகியவற்றை வைத்து மூன்று அடுக்கும் ஒன்றாகப் பிடிக்கும்படி நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டிருப்பார்கள். இலவம்பஞ்சு தோட்டத்திலேயே கிடைத்தது. ஆயினும் அது தலையணைக்குத்தான். பஞ்சை அடைத்துவிட்டால் துவைக்க முடியாது, கட்டி கட்டியாகிவிடும் என்பார் அம்மா. தோட்டத்தில் மின்சாரம் இயந்திரத்தால் வந்தது. இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வாசற்படியில் அமர்ந்துதான் தைப்பார்.

மழைக்கால இரவுகளில் அந்தப் போர்வையின் கனம் மேலே விழும்போது ஏற்படும் பாதுகாப்பு உணர்வை இன்றைய மெல்லிய நைலான் போர்வைகளில் நான் கண்டதில்லை. ஒவ்வொரு துண்டையும் யாருடையது என்று சொல்ல என்னால் முடியும். இது அப்பாவின் பச்சைக் கைலி. இது அக்காவின் பள்ளிச் சீருடை. இந்தப் பூப்போட்டது நான் மூன்று வயதில் போட்ட கவுன்.

ஆனால் நான் எழுத வந்தது இந்த இனிமையை மட்டுமன்று.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்து விடுதிக்குப் புறப்பட்டபோது அம்மா எனக்கென்று புதிதாக ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார். நான்கு மாதம் தைத்ததாக நினைவு. விடுதி அறையில் நாங்கள் நால்வர். மற்ற மூவரும் பட்டணத்துப் பிள்ளைகள். அவர்களுடைய கட்டில்களில் பெரிய ரோஜாப்பூ, புலி, மயில் போட்ட வழுவழுப்பான கம்பளிகள் இருந்தன. என் பெட்டியைத் திறந்தபோது ஒருத்தி, எந்தத் தீய எண்ணமும் இல்லாமல், "கால்மிதி எல்லாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நானும் சேர்ந்து சிரித்ததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அன்றிரவே அது மெத்தைக்கு அடியில் போனது. முதல் விடுமுறைக்கு முன் விடுதியில் துப்புரவு செய்யும் மலாய்க்கார அம்மையாரிடம் தரை துடைக்க வைத்துக்கொள்ளுமாறு கொடுத்துவிட்டேன். வீட்டில் அம்மா கேட்டபோது, துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். "போனா போகுது, குளிருக்கு என்ன செய்யிற?" என்று மட்டும் கேட்டார். அந்த மாதச் சம்பளத்தில் எனக்குக் கடைக் கம்பளி ஒன்று வாங்கித் தந்தார். அதில் ரோஜாப்பூ போட்டிருந்தது.

இப்போது கைவினைக் கழகத்திற்கு வருகிறேன். பதினான்கு மாணவர்களுள் ஆண் பிள்ளைகள் ஆறு பேர். தையல் பெண்களுடைய வேலை என்று முதல் வாரம் முகம் சுளித்தவர்கள் இரண்டாம் வாரத்திலேயே யாருடைய தையல் நேராக இருக்கிறது என்று போட்டி போடத் தொடங்கினார்கள். தையற்கடைகளில் தைப்பவர்களில் பாதிப்பேர் ஆண்கள்தாமே என்று நான் சொன்னதும் உதவியது.

எடுத்தவுடனே ஆங்கிலேயர் பாணியில் சதுரம் சதுரமாக வெட்டி இணைப்பது என்று திட்டமிட்டேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒன்பது வயதுப் பிள்ளை வெட்டும் சதுரம் சதுரமாக இருப்பதில்லை. ஓரத்திற்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்றால் ஒருவன் அரை அங்குலம் விடுவான். இன்னொருத்தி விடவே மாட்டாள். பத்துச் சதுரங்களைச் சேர்த்தால் வரிசை வளைந்துவிடும். மேலும் நான் துணிகளைத் தரம் பிரிக்கவில்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் இழுத்தால் நீளும் துணியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. துவைத்துப் பார்க்கவும் இல்லை. ஆறு வாரத்தில் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு. பொங்கலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இல்லத்தில் சொல்லிவிட்டேன்.

2024 பொங்கல் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம். எங்கள் போர்வையைப் பெற்றுக்கொண்ட பாட்டி, கூலிம் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பிள்ளைகளின் கன்னத்தைத் தடவி, "நல்லா இருக்கு டீச்சர், ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

மார்ச் மாதம் தனியாகச் சென்றேன். வராந்தாவில் ஈரத்துணி வாளிக்கு அடியில் எங்கள் போர்வை நான்காய் மடிந்து கிடந்தது. அரக்கு நிறத்துச் சாயம் இறங்கி வெள்ளைச் சதுரங்களெல்லாம் வெளிர்ச் சிவப்பாகியிருந்தன. இரண்டு இடத்தில் தையல் விட்டு நூல் தொங்கிற்று. பாட்டி நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் தோன்றிய சங்கடத்தை என்னால் விவரிக்க இயலவில்லை. தவறு செய்தவள் நான், கூசியவர் அவர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சொன்னேன்ல" என்று அவர் சொல்லவில்லை. "மிச்சத் துணியில தைக்கலாம் பாப்பா, மிச்ச நேரத்துல தைக்கக் கூடாது" என்றார். பிறகு மூட்டையை எடுத்துவரச் சொன்னார்.

அம்மாவின் வாதம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பழந்துணி இழிவு என்பது அவர் கருத்தன்று. நம் வீடுகளில் பிறந்த குழந்தையை முதலில் எதில் சுற்றுகிறோம்? துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியிலும் சேலையிலும்தான். தஞ்சை வட்டாரத்தில் கோயில் தேர்களில் தொங்கவிடும் தொம்பைகள் பல நிற வெட்டுத்துணிகளை ஒட்டித் தைத்தவைதாம். அவற்றின் கீழே நின்று வடம் பிடிக்கிறோம். சமஸ்கிருதத்தில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட பழந்துணி. நம்முடைய கந்தையும் வங்காளத்தின் காந்தாவும் அதனோடு சேர்ந்தவை. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, அதே நூலால் பூவும் மீனும் தாமரையும் தைத்தார்கள். புத்த பிக்குகளின் சீவர ஆடை துண்டுகளை இணைத்துத் தைப்பது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அதுபோல் அமைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் கூறியதாக விநய நூல் சொல்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பௌத்தம் விளங்கிய பூஜாங் பள்ளத்தாக்கு எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே அலோர் ஸ்டார் செல்லும் நெடுஞ்சாலையில் போகும்போது இரு புறமும் விரியும் நெல்வயலைப் பாருங்கள். வரப்பெல்லாம் தையல் வரிசையாகவே தெரியும்.

ஆக, ஒட்டுத்துணி எங்கும் எளிய பொருளாக இருந்தாலும் எளிதாகச் செய்த பொருளாக இருந்ததில்லை. குழந்தைக்கோ கடவுளுக்கோ துறவிக்கோ என்று ஒருவரை மனத்தில் வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள். நானோ "முதியோர்" என்று பொதுவாகத் தைத்தேன்.

இரண்டாம் போர்வைக்குத் துணியைத் தொடுவதற்கு முன் இல்லத்திற்குச் சென்று அந்தப் பாட்டியிடம், மன்னிப்புக் கேட்காத குறையாக, எப்படி வேண்டும் என்று கேட்டோம். "எனக்கு எதுக்கு இன்னொன்னு?" என்று மூன்று முறை மறுத்தார். நான்காம் முறை, "கட்டம் போட்ட கைலி மாதிரி இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவர் வீட்டுக்காரர் கட்டியது அந்த மாதிரிக் கைலி என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. சிவப்பு மட்டும் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு மாணவன் அளவு நாடாவால் கட்டிலை அளந்தான்.

அதன் பிறகு மாணவர்கள் வீடு வீடாகப் பழைய கைலி கேட்டுப் போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகிவிட்ட இக்காலத்திலும் தாத்தாக்களின் அலமாரிகளில் கைலிகள் இருக்கின்றன. ஒரு சிறுமி இறந்துபோன தன் தாத்தாவின் கைலியைக் கொண்டுவந்தாள். அவள் பாட்டியிடம் கேட்டுத்தான் எடுத்தாளா என்று நான் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டேன்.

எல்லாத் துணியையும் உப்புக் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தோம். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணி கால்மிதிக்கு ஒதுக்கப்பட்டது. அம்மா வகுத்த விதி மூன்று குவியல்: போர்வையின் மேலுக்கு, நடு அடுக்குக்கு, காலுக்கு. இழுத்தால் நீள்வது எதுவாயினும் காலுக்கு. வெளிச்சத்தில் பிடித்தால் இழை விலகித் தெரிவது நடுவுக்கு.

வெட்டும் சிக்கலுக்கும் ஒரு வழி கிடைத்தது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்திகள் என்ற சமூகத்தார் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியரும் பிறரும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள். இப்போது அவர்கள் பேசுவது கொங்கணியும் கன்னடமும். அவர்களின் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையைப் படங்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் துண்டுகளை முன்கூட்டி அளந்து வெட்டி இணைப்பதில்லை. அடித்துணியை விரித்து, வெளியோரத்தில் தொடங்கி, துண்டின் விளிம்பை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறார்கள். ஒரு துண்டு முடியும் இடத்தில் அடுத்தது அதன்மேல் ஏறிக்கொள்கிறது. கடைசித் துண்டு நடுவில் வந்து அமர்கிறது. துண்டு எந்த வடிவத்தில் இருந்தாலும் கவலையில்லை! ஒன்பது வயதுக் கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ ஒன்று வைப்பது அவர்கள் வழக்கம். பூ இல்லாத போர்வை அம்மணமானது என்பார்களாம். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "இது நம்ம தையல்தானே, இவங்க யாரு?" என்றார். அவருக்குத் தெரிந்த மூன்றடுக்கு ஓட்டுத் தையலேதான்.

புதன்கிழமைகளில் அம்மாவும் பள்ளிக்கு வரத் தொடங்கினார். தலைமையாசிரியரிடம் முறையாக அனுமதி பெற்றேன். நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் சுற்றிலும் பிள்ளைகள், ஊசி குத்தும் விரல்களில் பிளாஸ்திரி, நடுவில் அம்மா. நான் வகுப்பில் ஒரு மணி நேரம் கத்தியும் பெற முடியாத அமைதியை அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் பெற்றார். தையல் தளர்வாக இருந்தால் சுண்டு விரலை அதற்குள் விட்டுக் காட்டுவார். பேச மாட்டார். பிள்ளை தானே பிரித்துவிடும்.

ஒருநாள் ஒரு மாணவி, எங்கள் பெயரைப் போர்வையில் தைக்கலாமா என்று கேட்டாள். தற்பெருமை ஆகாதா என்று எனக்கு ஐயம். அப்போதுதான் சாங்கிப் போர்வைகளைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன்.

ஜப்பானியர் காலத்தில் துணி கிடைக்காத கொடுமையைப் பாட்டி சொல்ல நான் கேட்டிருக்கிறேன். சாக்குத் துணியில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனதாகவும், சாக்கின் ஓரங்களில் சீலைப்பேன் பற்றிக்கொண்டதாகவும் சொல்வார். அவருடைய தம்பி சயாம் இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, அவர் திரும்பவில்லை. கட்டியிருந்த துணிகூட வரவில்லை என்று பாட்டி அழுவார்.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் வெள்ளைக்காரப் பெண்களும் பிள்ளைகளும் சாங்கிச் சிறைச்சாலையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆண்கள் வேறு பகுதியில். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு எழுதக்கூட அனுமதியில்லை. எத்தல் முல்வனி என்ற கனடிய மாதின் யோசனைப்படி 1942இல் அப்பெண்கள் போர்வை தைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறு துணிச் சதுரத்தில் தம்மைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தைத்துப் பெயரையும் இட்டார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரம். மொத்தம் மூன்று போர்வைகள். காயமடைந்த வீரர்களுக்கு என்று சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒன்றை ஜப்பானிய வீரர்களுக்கு என்றே தைத்தார்கள். அதனால் அதிகாரிகளும் தடுக்கவில்லை. போர்வை போய்ச் சேர்ந்த இடத்தில் கணவன்மார் தம் மனைவியரின் பெயர்களைப் படித்தார்கள். இரண்டு போர்வைகள் இன்று கான்பராவின் போர் நினைவகத்திலும் ஒன்று இலண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. இவற்றுக்கு முன்பே அச்சிறையில் சாரணியராக இருந்த சுமார் இருபது சிறுமியர், தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்காகத் துண்டுத் துணிகளை அறுகோணங்களாக வெட்டி இரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். அதிலும் அவர்கள் பெயர்கள் உண்டு.

பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். "அப்போ பேரு தைச்சா, நான் இருக்கேன்னு அர்த்தம், இல்ல டீச்சர்?" என்றான் ஒருவன்.

அம்மா தலை நிமிராமலே கேட்டார்: "அந்தப் பாட்டி பேரு என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை! இல்லத்தில் எல்லாத் துணியிலும் கட்டில் எண்ணைக் கறுப்பு மையால் எழுதியிருப்பார்கள். சலவையில் மாறிவிடக் கூடாது என்பதற்கான நியாயமான ஏற்பாடுதான். நாங்களும் "பதினேழாம் கட்டில் பாட்டி" என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை சென்று கேட்டோம். சொன்னார். (அதை இங்கே எழுதப் போவதில்லை, அது அவருடையது.) அவருக்கு எழுதத் தெரியாது. ஒரு மாணவி தாளில் தமிழில் எழுதிக் காட்டினாள். பாட்டி அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளமா இருக்குமா என் பேரு?" என்று கேட்டார். பிள்ளைகளின் பெயர்களை உட்புறத்து ஓரத்தில் சிறியதாகவும் அவருடைய பெயரை வெளியே, தலைமாட்டில், எல்லோரும் பார்க்கும்படியும் தைப்பது என்று முடிவாயிற்று. மை எண்ணுக்கு இடமே வைக்கவில்லை. சலவை செய்யும் பணியாளரிடம் சொன்னபோது அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஏப்ரலில் தொடங்கிய போர்வை செப்டம்பரில்தான் முடிந்தது. பச்சையும் நீலமும் கறுப்புமாகக் கட்டங்கள். நான்கு மூலையிலும் பூ. கொடுக்கப் போனபோது நான் படம் எடுக்கவில்லை. பாட்டி அப்போதைக்கு எதுவும் சொல்லாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பெயர் இருந்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே பிள்ளைகளிடம் பரீட்சையைப் பற்றி விசாரித்தார். நவம்பர் மழையில் ஒருநாள் முன்னறிவிப்பின்றிப் போனேன். பகல் தூக்கத்தில் இருந்தார். கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தார். நான் எழுப்பாமல் திரும்பிவிட்டேன்.

எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அவசரத்தில் தைத்த போர்வையாகிவிடும் என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்தப் போர்வையின் நடுத்துண்டைத் தைக்கும் வேளையில், பள்ளி முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அம்மா ஒரு பச்சைக் கைலித் துண்டைக் கையில் எடுத்தார். "காலேஜுக்கு உனக்குக் குடுத்துவிட்டேனே, அதுல இந்தப் பச்சை இருந்துச்சு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருக்குத் துண்டு துண்டாக நினைவிருந்தது.

நான் சொல்லிவிட்டேன். கொடியில் காயவில்லை, யாரும் எடுக்கவில்லை, தரை துடைக்கக் கொடுத்தவள் நான்தான் என்று. கால்மிதி என்று கேட்டதையும், சேர்ந்து சிரித்ததையும் சொன்னேன். சொல்லும்போது நான் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார். இப்போதெல்லாம் அவருக்கு ஊசிக்காது தெரிவதில்லை. கோத்துத் தருவது என் வேலை. கோத்துக் கொடுத்தேன்.

"தரை துடைச்சிருந்தாலும் ரெண்டு வருசம் தாங்கியிருக்கும்" என்றார். "நாலு மாசம் தைச்சது."

பிறகு அந்தப் பச்சைத் துண்டை நடுவில் வைத்து, விளிம்பை மடித்து, நகத்தால் கீறிப் படியவைத்தார்.

இப்போது மூன்றாவது போர்வை நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு. அவருக்குச் சிவப்புத்தான் வேண்டுமாம். சாயம் போகாத சிவப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நான்கு துணிகளை ஊறவைத்துப் பார்த்ததில் மூன்று தோற்றுவிட்டன. தையற்கடை அம்மையார் இப்போது பைகளைக் கட்டும் முன்பே பருத்தியைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்.